கரி மாமு சொன்னது

அது எடுத்த எடுப்பில் கூவாது. முதலில் தொண்டையைச் செருமும். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேச வாயெடுப்பவர் செருமுகிற மாதிரி கரகரவென்று ஒரு செருமல், அதற்குப் பின்னால் குக்கர் அடங்குவதுபோல நீளமாக ஒரு 'உஸ்ஸ்'. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்படியில் நின்று வஞ்சிரத் துண்டுகளுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தபோது, ஹாலில் என் மகள் ஆடிக்கொண்டிருந்த வீடியோ கேமிலிருந்து அந்தச் செருமல் கேட்டது. இருபத்தைந்து வருடமாகக் கேட்காத ஒரு குரலை ஒற்றைச் செருமலில் கண்டுபிடித்துவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பேன். மிளகாய்த்தூள் அப்பிய கையோடு ஹாலுக்குப் போய் நின்றேன். திரையில் அவரேதான். கன்னங்கரேலென்ற உடம்பு, முறுக்கிவிட்ட மீசை, நெற்றியில் ஒற்றை விளக்கு, தலைமேல் புகைபோக்கி. புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"கரி மாமு" என்பது நாங்கள் வைத்த பெயர். அவருடைய உண்மையான பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டு அது. பரமபதம்போல ஒரு பலகை, பகடை உருட்டினால் விழுகிற எண்ணுக்கு நகர வேண்டும், நடுநடுவே ஓட்டம், தாண்டல், தள்ளுமுள்ளு என்று சின்னச் சின்னப் போட்டிகள் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாகம் பாகமாக இன்றுவரை வந்துகொண்டிருக்கிறதாம். அதில் ஒரே ஒரு பலகையில் மட்டும் குறுக்கே தண்டவாளம் ஓடும். அந்தத் தண்டவாளத்தில் குடியிருக்கிற, பேசுகிற நீராவி இன்ஜின்தான் இவர். ஸ்டேஷன் கட்டத்தில் போய் நின்றால் எதிரே வந்து நின்று நாலு வரி பேசுவார், இரண்டு பதிலைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார், பிறகு கிளம்பி வந்து தண்டவாளத்தில் இருக்கிற அத்தனை பேரையும் முட்டி முதல் கட்டத்துக்கே தள்ளிவிட்டுப் போய்விடுவார். யாரென்று பார்க்க மாட்டார்.

நாங்கள் அப்போது குடியிருந்தது தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டின ஒரு தெருவில். துறைமுகத்திலிருந்து எண்ணூர் பக்கம் கரி ஏற்றிக்கொண்டு போகிற கூட்ஸ் வண்டிகள் அந்த வழியாகத்தான் போகும். போகும் என்று சொல்கிறேனே தவிர, பாதி நேரம் நிற்கும். சிக்னல் கிடைக்காமல் எங்கள் ரயில்வே கேட்டை மறித்துக்கொண்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் நிற்கும். இன்ஜின் வளைவுக்கு அந்தப்பக்கம் எங்கேயோ இருக்கும், கடைசிப் பெட்டி இந்தப்பக்கம் எங்கேயோ இருக்கும். நடுவில் கேட்டுக்கு இரண்டு பக்கமும் பள்ளிக்கூடம் போகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் மீன்கூடைக்காரிகளும் சைக்கிள்களும் சேர்ந்துவிடும். எத்தனை நேரம்தான் நிற்பது? ஒருத்தர் குனிவார். இரண்டு பெட்டிகளை மாட்டியிருக்கிற கொக்கிக்குக் கீழே நுழைந்து அந்தப்பக்கம் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போவார். அவர் பின்னாலேயே ஊரே குனியும். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். கேட்கீப்பர் தினமும் தொண்டை கிழியக் கத்துவார், யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டையின் மேல் கரித்தூள் படிகிற மாதிரி, இதுவும் அங்கே வாழ்கிறதில் ஒன்றாக இருந்தது.

குனிவதற்கு முன்னால் பெட்டியைத் தட்டுவது ஒரு வழக்கம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, மீன்கூடைக்காரிகள் எல்லாரும் செய்வார்கள். என் அம்மாவுக்குத் தனலட்சுமி என்று பெயர், தெருவுக்குத் தனக்கா. விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனை அலுமினிய பேசினில் அடுக்கி, ஐஸ் போட்டு, தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கிற தெருக்களில் கூவி விற்பாள். தினமும் நாலு தடவையாவது அவள் அந்தக் கொக்கிக்கு அடியில் குனிய வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல உள்ளங்கையால் பெட்டியை மூன்று தட்டு தட்டி, "செத்த நில்லு நைனா, போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் குனிவாள். எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். நில் என்று சொன்னால் நிற்கும் என்று அவள் நம்பினாளா என்று கேட்டால், நம்பியிருக்க மாட்டாள். ஆனால் சொல்லாமல் குனிய அவளால் முடியாது.

எங்கள் காம்பவுண்டில் ஆறு குடித்தனம். எதிர் வீடு யாஸ்மின் வீடு. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, பத்து. என் தம்பி பாபுவுக்கும் அவள் தம்பி ரஃபிக்கும் ஏழெட்டு. அவள் அப்பா வண்ணாரப்பேட்டையில் டிவி, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடையில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன ஒரு கேம் பெட்டியை, வருடக்கணக்கில் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு ரம்ஜானுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடவே வந்தது ஒரே ஒரு கேம்தான். அதன் மேல் எழுதியிருந்தது ஜப்பான் எழுத்து. உள்ளே வருகிற எழுத்தும் அதேதான்: கட்டம் கட்டமாக, கொக்கி கொக்கியாக, தலையும் புரியாது காலும் புரியாது.

ஆனால் யாஸ்மினுக்குப் புரியும் என்று நாங்கள் நினைத்தோம். இங்கேதான் எங்கள் மண்டையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். யாஸ்மின் தினமும் சாயங்காலம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மதரஸாவுக்குப் போய் அரபு ஓதிவிட்டு வருவாள். எங்களுக்குத் தமிழ் தெரியும், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தெரியும்; எங்களுக்குத் தெரியாத ஓர் எழுத்து அவளுக்குத் தெரியும்; டிவியில் வருவதும் எங்களுக்குத் தெரியாத எழுத்து; ஆகவே அதுவும் அவளுக்குத் தெரியும். காம்பவுண்டில் ஒரு குழந்தைக்கும் இதில் சந்தேகம் வரவில்லை. பாபுதான் முதல் நாள், "யாஸ்மினு, நீதான் இந்த மாறி எழ்த்துல்லாம் படிப்பியே, இன்னா சொல்லுது பாரு" என்றான். அவள் ஒரு நிமிடம் திரையையே பார்த்தாள். மறுக்கவில்லை. தொண்டையைச் செருமினாள்.

"இன்னாமே, கேட்டாண்ட குந்திகினு கீறியே, வூட்ல சொல்ட்டு வந்தியா?"

அன்றைக்குப் பிறந்தவர்தான் கரி மாமு. திரையில் வாய் அசைந்தால் போதும், யாஸ்மினின் சின்ன உடம்பிலிருந்து எங்கிருந்துதான் வருமோ, ஒரு கனத்த, இழுத்து இழுத்துப் பேசுகிற குரல் வரும். சாதாரணமாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, அவ்வளவு சன்னக் குரல் அவளுக்கு. மாமுவாகப் பேசினால் தெருமுனைவரைக்கும் கேட்கும். மாமு எங்களை விசாரிப்பார், நக்கலடிப்பார், ரஃபி மூக்கு நோண்டுவதைக் கண்டிப்பார், எங்கள் பள்ளிக்கூட டீச்சரைப் பற்றிக்கூட அபிப்பிராயம் சொல்வார். "எம்மாம் நேரமா கரிய தூக்கிகினு வரேன், ஒரு டீ குட்த்தியா நீ" என்று பாபுவிடம் கோபித்துக்கொள்வார். பதில் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் அவள் படித்துச் சொல்வதுதான். மேலே இருப்பது 'மாமுவுக்கு மரியாதை', கீழே இருப்பது 'மாமுவுக்கு எதிர்ப்பேச்சு' என்பாள். நாங்கள் எழுந்து நின்று, கைகட்டி, "வணக்கம் மாமு" என்று சொல்லிவிட்டு மேலே இருப்பதை அமுக்குவோம். எல்லாம் முடிந்ததும் திரையில் ஒரு கடைசி வரி வரும், அதற்கு மட்டும் அவள் எழுந்து நின்று, கையை மேலே தூக்கி, தொண்டை நரம்பு புடைக்க ஒரே மாதிரிதான் சொல்வாள்: "கெளம்புறேன், வழிய வுடு!" உடனே மாமு வந்து எங்களை முட்டித் தள்ளுவார். நாங்கள் நிஜமாகவே பாயில் உருண்டு விழுவோம்.

அடுத்து வந்த கோடை விடுமுறை முழுக்க இப்படித்தான் போனது. இப்போது நினைத்தால், அந்த இரண்டு மாதத்தில் நான் சிரித்த அளவுக்குப் பிறகு எந்த இரண்டு மாதத்திலும் சிரித்ததில்லை. அதையும் நானேதான் கெடுத்தேன்.

எனக்குத் தோற்பது பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது, என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். மாமு ஏன் எப்போதும் என்னையே முதல் கட்டத்துக்குத் தள்ளுகிறார் என்ற ஆத்திரத்தில், பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அவர் பேசும்போது வருகிற எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டேன். மூன்று நாள் வரைந்ததில் விஷயம் பல்லை இளித்துவிட்டது. மூன்று நாளும் வந்தது அதே நாலு வரி. யாஸ்மின் படித்ததோ ஒரு நாள் டீ, ஒரு நாள் டீச்சர், ஒரு நாள் ரஃபியின் மூக்கு. நோட்டை அவள் முன்னால் நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு, கொஞ்சமும் அசராமல், "மாமுக்கு டெய்லி ஒரே மாறி இருக்குமா? ஒரு நாளு ஒரு மாறி பேசுவாரு" என்றாள். நான் விடவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, தன் சொந்தக் குரலில், தனக்கு அரபே எழுத்துக்கூட்டித்தான் வரும் என்றும், இது என்ன பாஷை என்றே தெரியாது என்றும் சொன்னாள். "நீங்கல்லாம் சிரிச்சீங்கோ, அதான்" என்றாள்.

அதைக் கேட்டு நானும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. கோடை முழுக்க அவள் பேச்சைக் கேட்டு எழுந்து நின்று ஒரு டிவிப் பெட்டிக்கு வணக்கம் சொன்னது எனக்கு அவமானமாக இருந்தது. இனிமேல் பேச்சு இல்லை என்று கட்டை விரலைக் காட்டிக் "காய்" விட்டேன். அதோடு நிறுத்தாமல் வெளியே வந்து காம்பவுண்டுக்கும் தெருவுக்கும் கேட்கிற மாதிரி, யாஸ்மின் ஒரு "டுபாக்கூர்", அவள் சொல்கிறது எல்லாம் புளுகு என்று சொன்னேன். தெருப்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்தால் போதாதா? அடுத்த நாளிலிருந்து அவள் மதரஸாவுக்குப் போகும்போதும் வரும்போதும் "டுபாக்கூர் மாமு, டுபாக்கூர் மாமு" என்று பின்னாலேயே போனார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு மேலே, கேட்டில் கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. நல்ல வெயில். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா பேசினோடு அங்கே நின்றிருந்தாள். மதியம் வந்த போட்டிலிருந்து கொஞ்சம் சங்கராவும் நெத்திலியும் எடுத்திருந்தாள், அது மேற்குப் பக்கத் தெருக்களுக்குச் சமையல் நேரத்துக்குள் போயாக வேண்டும். ஐஸ் கரைந்து பேசினின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் குனிந்து அந்தப்பக்கம் போய்விட்டார்கள். அம்மா பேசினை இறக்கினாள், பெட்டியை மூன்று தட்டு தட்டினாள், "செத்த நில்லு நைனா" என்றாள். பேசினைக் கொக்கிக்குக் கீழே முன்னால் தள்ளிவிட்டு, ஒரு காலைத் தண்டவாளத்தின் மேல் வைத்துக் குனிந்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. வளைவுப் பக்கத்திலிருந்து, ஜல்லியில் தடுக்கித் தடுக்கி யாஸ்மின் ஓடி வந்துகொண்டிருந்தாள். வளைவில் நின்றால் இன்ஜினுக்கு முன்னால் இருக்கிற சிக்னல் தெரியும். முக்காடு கழுத்தில் விழுந்திருந்தது. ஒரு கையை மேலே தூக்கியிருந்தாள்.

"கெளம்புறேன், வழிய வுடு! கெளம்புறேன், வழிய வுடு!"

மாமுவின் குரல். ஏன் தன் குரலில் 'பச்சை விழுந்துடுச்சு' என்று கத்தாமல் அந்தக் குரலில் கத்தினாள் என்று தெரு பிறகு மாதக்கணக்கில் கேட்டது. எனக்கு அன்றைக்கே தெரியும். அவளிடம் இருந்த பெரிய குரல் அது ஒன்றுதான். கேட்டருகே நின்ற பிள்ளைகள் "டுபாக்கூர் மாமு வந்துட்டாருடா" என்று சிரித்தார்கள். கொக்கிக்கு அடியில் குனிந்திருந்த அம்மா அப்படியே நின்று, தலையைத் திருப்பி, என்னைப் பார்த்து, "இன்னாடி சொல்லுது அது?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: "அது டுபாக்கூர்மா. நீ போ."

அம்மா போனாள். வளைவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நின்ற கூட்ஸ் வண்டி கிளம்பும்போது முதல் பெட்டியின் கொக்கி இழுபட்டு, அது இரண்டாவதை இழுத்து, அது மூன்றாவதை இழுத்து, 'டக், டக், டக்' என்று பெட்டி பெட்டியாக ஓடி வருகிற சத்தம். எங்கள் பெட்டிக்கு வந்தபோது அம்மாவின் உடம்பு அந்தப்பக்கம் போயிருந்தது. இடது கால் மட்டும் இன்னும் தண்டவாளத்தின் மேல் இருந்தது.

கால் மொத்தமும் போகவில்லை. நாலு விரலும், பாதத்தில் முன்பக்கம் கொஞ்சமும் போயின. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் பேசினைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து விற்கிற வேலை அன்றோடு முடிந்தது. பிறகு அவள் மார்க்கெட் வாசலில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து விற்றாள். அப்பா துறைமுகத்து வேலைக்குப் போவதற்கு முன்னால் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுப் போவார்.

ஆனால் நான் சொல்ல வந்தது காலைப் பற்றி அல்ல. அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, கேட்டருகே நின்ற கூட்டம் ஒரு முடிவுக்கு வந்தது. தனக்கா நடுவில் நின்றதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண் விளையாட்டுக்குக் கத்தியதால்தான் தனக்கா திகைத்து நின்றுவிட்டாள், இல்லாவிட்டால் தாண்டிப் போயிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். யாஸ்மினின் அம்மா பாத்திமா அக்கா ஓடி வந்து, அத்தனை பேர் முன்னாலும் மகளின் தோளைப் பிடித்து உலுக்கி, கத்தினாயா என்று கேட்டார். யாஸ்மின் என்னையே பார்த்தாள். நான் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது, அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. யாரோ என் பக்கம் திரும்பி, "ஏம்மா கஸ்தூரி, நீ கூடத்தானே இருந்தே, இது கத்திச்சா?" என்று கேட்டார்கள்.

"கத்திச்சு" என்றேன்.

அது பொய் இல்லை. பத்து வயதில் பொய் சொல்லாமலேயே பொய் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது. அவள் கத்தாமலே இருந்திருந்தால் அம்மா நிற்காமல் தாண்டியிருப்பாள் என்று ஒரு வாதம் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் பல வருடம் ஒளிந்துகொண்டிருந்தேன். ஆனால் நின்றவள் என்னைத்தான் கேட்டாள். வெளியே வா என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் போ என்றேன்.

அதற்குப் பிறகு தெருவில் யாஸ்மினுக்கு வேறு பெயர் வந்தது. டுபாக்கூர் என்பதே அதற்குத் தேவலை. "தனக்கா காலை வாங்கின பொண்ணு" என்றார்கள். யாரும் சண்டைக்குப் போகவில்லை, அடிக்கவில்லை. கடையில் அவளுக்குக் கடைசியாகச் சாமான் கொடுப்பார்கள், குழாயடியில் பாத்திமா அக்கா வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' ஒரு குடும்பத்துக்குப் போதும். கேம் பெட்டியை அவள் அப்பா கடைக்கே திரும்பக் கொண்டுபோய்விட்டார். பொங்கலுக்கு முன்னால் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு புழல் பக்கம் போனார்கள். சாமான் ஏற்றிய வேனின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த யாஸ்மின், என்னைப் பார்த்து இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். "பழம்" விடுகிறாள், மறுபடி பேசலாம் என்று அர்த்தம். நான் பதிலுக்கு விரலைக் காட்டியிருக்க வேண்டும். குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல நின்றுகொண்டேன்.

இருபத்தைந்து வருடம். நான் படித்தேன், எண்ணூரில் ஒரு சரக்குப் பெட்டக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, அம்மா என்னோடு வந்து இருக்கிறாள். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பாத்திமா அக்கா அம்மாவுக்கு போன் செய்வார். அந்த நேரம் பார்த்து எனக்கு மாடியில் துணி காயப்போட வேலை வந்துவிடும்.

போன மாத ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என் மகள் ஆடிக்கொண்டிருந்தது அந்த வரிசையில் புதிதாக வந்த பாகம். பழைய பலகைகளையே எடுத்து மறுபடி செய்திருக்கிறார்கள். எழுத்து இப்போது இங்கிலீஷில் வருகிறது. மாமு தன் நாலு வரியைப் பேசினார். முதல் வரி வரவேற்பு, அடுத்த இரண்டும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விசாரிப்பு. டீயும் இல்லை, டீச்சரும் இல்லை, எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு கடைசி வரி வந்தது. என்ன போட்டிருக்கிறது, சத்தமாகப் படி என்றேன். படிக்கத் தெரியாதா அம்மா உனக்கு என்று முறைத்துவிட்டு அவள் படித்தாள். அதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நான் கிளம்புகிறேன், தண்டவாளத்தில் நிற்பவர்கள் விலகிக்கொள்ளுங்கள்.

ஒரு எழுத்தும் தெரியாமல் யாஸ்மின் அந்த ஒரு வரியை மட்டும் சரியாகப் படித்திருக்கிறாள். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த வரி வந்தால் அடுத்து வண்டி வரும் என்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். என் நோட்டில் நாலு வரியையும் வரைந்தவள் நான்; மற்ற மூன்றை அவள் மாற்றி மாற்றிச் சொன்னதைக் கண்டுபிடித்த எனக்கு, நாலாவதை ஒரு நாளும் மாற்றவில்லை என்பது கண்ணில் படவில்லை.

சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா, "அட, இது உங்க கரி மாமு இல்ல?" என்றாள். நான் மசாலாக் கையோடு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மகள் இருக்கிறாளே என்றுகூடப் பார்க்கவில்லை. யாஸ்மின் சரியாகத்தான் சொன்னாள் அம்மா, போ என்று சொன்னது நான்தான், உன் காலை வாங்கினது நான், தெருவில் கேட்டபோது சொல்லாமல் நின்றதும் நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். முகத்தைத் துடைக்கப் போய் மிளகாய்த்தூள் கண்ணில் பட்டு இன்னும் அழுதேன்.

அம்மா அழவில்லை. "எங்கிட்ட சொன்னத எங்கிட்டயே சொல்றியா? நான்தானே கேட்டேன், நீதானே போன்னே" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே பாத்திமா அக்காவைக் கூப்பிட்டு, உன் பெண் சரியாகத்தான் சொன்னாள், என் பெண்தான் போகச் சொன்னாள், யாஸ்மினை அடிக்காதே என்று சொல்லிவிட்டாளாம். ஆனால் தெருவில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, என்னிடமாவது ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். அம்மா காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"தெருவுல சொன்னா உன்ன பேசுவாங்கோ. பெத்தவ, மன்சு வரல. அது தப்புதான். நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். நாளாய்ட்ச்சு."

யாஸ்மினின் போன் நம்பரை அவள்தான் கொடுத்தாள், கூப்பிட்டேன். யாஸ்மின் இப்போது புழலில் டியூஷன் எடுக்கிறாள். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. குரல் அதே சன்னக் குரல்தான். நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியும் கஸ்தூ. எங்கம்மாக்கும் தெரியும். தெருவுல கீறவங்களுக்குத்தான் தெரியாது. அவங்க வூட்ல ஒரு கல்யாணம், சாவுன்னு போவசொல்ல, எங்கம்மா இன்னிக்கும் தலைய குனிஞ்சிகினுதான் போவுறாங்க" என்றாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அந்தத் தெருவுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். யார் வீட்டு வாசலில் நின்று எப்படி ஆரம்பிப்பது என்றுகூட ஷேர் ஆட்டோவில் யோசித்துக்கொண்டே போனேன். கேட் இல்லை. அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேலே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி சுரங்கப்பாதை வந்துவிட்டது, யாரும் குனிய வேண்டியதில்லை. ரோடு அகலப்படுத்தியதில் எங்கள் காம்பவுண்டு, குழாயடி, சாமான் வாங்குகிற கடை எல்லாம் போய்விட்டன. மிச்சமிருந்த நாலு வீட்டில் குடியிருப்பவர்கள் புதியவர்கள். ஒரு அம்மாவிடம் தனக்காவைத் தெரியுமா என்று கேட்டேன். யாரு, எந்தத் தெரு என்றார். சுவருக்கு அந்தப்பக்கம் கூட்ஸ் ஒன்று கிளம்புகிற சத்தம் பெட்டி பெட்டியாக ஓடி வந்து என்னைத் தாண்டிப் போனது. சொல்ல வேண்டிய இடத்தில் கேட்க வேண்டியவர்கள் ஒருத்தரும் இல்லை. காசிமேட்டிலும் எண்ணூரிலும் செங்குன்றத்திலும் எங்கெங்கோ சிதறியிருக்கிறார்கள், அவரவர் மனசில் யாஸ்மினின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த ரயில்வே கேட்டருகே அந்த நாளில் குடியிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தெரிந்த மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அன்றைக்குப் பச்சை விழுந்ததைப் பார்த்து ஓடி வந்து சரியாகச் சொன்னது பாத்திமா அக்கா மகள் யாஸ்மின். போ என்று சொன்னது தனக்கா மகள் கஸ்தூரி, நான்.